கால் பாவும் தரை

மாதிரிக்கென்று கடைக்காரர் கொடுத்தனுப்பிய மூன்று தரையோடுகளையும் றொசாந்தி முதல்நாள் மாலை படுக்கையறையின் புதிய சீமெந்துத் தளத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். காலையில் வந்து தந்தநிறத்து ஓட்டைக் கையில் எடுத்தபோது, அதன் பளபளத்த மேற்பக்கம் நன்றாக உலர்ந்திருக்க, அடிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. அதுவும் முழுவதும் நனையவில்லை. பிறைபோல ஓர் ஈர வளைவு. அதற்கு மேலே சற்று இடம் விட்டு ஐந்து ஈரப் பொட்டுகள். ஓரத்துப் பொட்டு மற்ற நான்கையும்விடப் பெரியது.

அவள் சட்டை நுனியால் அதைத் துடைத்தாள். ஒரு மணம் எழுந்தது. பிறந்த நாள் தொட்டு மூக்கில் இருக்கும் கடல் மணம் அல்ல அது. நெடுங்காலம் பிரிக்காமல் கிடந்த வலைக் கட்டை அவிழ்க்கும்போது உள்ளிருந்து எழுமே, அந்த மூடிய மணம். சீமெந்து இன்னும் காயவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குருநகரில் கரையோரத்து வீடுகளுக்குள் மாரியில் தண்ணீர் வருவது புதினமல்ல. ஆனால் சென்ற மாரியில் வந்த வெள்ளம் அந்த அறையின் பழைய தளத்தைப் பிளந்து மேடுபள்ளமாக்கிவிட்டுப் போயிற்று. வீட்டில் இருப்பது அந்த ஓர் அறையும் ஒரு விறாந்தையுந்தான். இரண்டு வயது கடந்தும் மகள் லவீனா இன்னும் எழுந்து நிற்கவில்லை. கிளினிக்கில் பார்த்த டொக்டர், கால்களில் ஒரு குறையும் இல்லை, நல்ல சமமான தரையில் வெறுங்காலோடு நிற்க விடுங்கள், தானாக நடப்பாள் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து றொசாந்தியின் செபமெல்லாம் ஒரு தரையைப் பற்றியதாகவே இருந்தது.

கணவன் லெனாட் அறையை உயர்த்த மணல் கொண்டுவந்தான். அனுமதி எடுத்து மணல் ஏற்றுவதென்றால் காத்திருக்க வேண்டும் என்று, தன் வள்ளத்திலேயே, தீவுகளுக்கு அப்பால் கடலின் நடுவே தலைகாட்டும் ஒரு மணல்திட்டிலிருந்து உரப்பைகளில் அள்ளி வந்தான். சீனிபோல வெள்ளை மணல். அறையை நிரப்பியது போக எஞ்சியதை, அறையின் கடற்பக்கக் கதவிலிருந்து கரைவரைக்கும் சேறாய்க் கிடந்த ஒழுங்கையில் பரப்பிவிட்டான். அயலவர்கள் அந்த வெள்ளைப் பாதையை மெச்சினார்கள்.

மேசன் நீக்கிலாப்பிள்ளை அன்று காலையே வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, முடிவெடுத்தாச்சோ? இல்லாட்டி அடுத்த மாரிக்கு வரட்டோ?"

"இதிலை எது அண்ணை கனம்?"

"நிறம் கேப்பினம். வழுக்குமோ எண்டு கேப்பினம். கனம் கேட்ட முதல் ஆள் நீர்தான். ஆனை வளக்கப் போறீரோ?"

"ஆனை ஏற்கெனவே இருக்குது அண்ணை," என்றான் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த லெனாட். "நான்தானே கட்டிக்கொண்டு வந்தனான்."

"உங்கடை நக்கலை விடுங்கோ. கீழை இருக்கிறது மேலை வராத சாமான் எது, அதைச் சொல்லுங்கோ அண்ணை."

அவள் ஈரத்தைத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அந்தச் சொற்கள் அவளுக்கே பிடிக்கவில்லை.

மேசன் தாடியைச் சொறிந்தார். "சிவப்பு ஓடு குளிர்மை, ஆனால் ஈரம் குடிக்கும். உந்தத் தந்தநிறம் முகம் பாக்கத்தான் நல்லது. மரநிறத்து ரைல்ஸ் நல்ல கனம். எனக்கு உந்த மண்தான் விளங்கேல்லை. பூசி எவ்வளவு நாளாச்சு, இன்னும் ஈரம் ஏறுது."

நண்பகலில், கடலுக்குப் போய் வந்த களைப்பில் லெனாட் விறாந்தையில் உறங்க, ஒழுங்கையில் நாய்கூட நடமாடாத அந்த வெயில் நேரத்தில், றொசாந்தி செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் நடந்து பார்த்தாள். யன்னல் சீலை அசையாமல் தொங்க, சுவரில் புதிய சாந்தின் புளித்த வாசனை நிற்க, அவளுடைய ஒவ்வோர் அடிக்கும் சற்றுப் பின்னால், ஈரத் துணியைத் தரையில் வைத்து எடுப்பதுபோல, இன்னோர் ஓசை மெல்லக் கேட்டது. எதிரொலி சுவரிலிருந்து வரும். இது குதிக்காலின் கீழிருந்து வந்தது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. பாதத்தின் அளவுக்கு, பாதத்தின் வடிவில், ஒரு குளிர் தரையின் அடியிலிருந்து வந்து அவள் உள்ளங்காலில் ஒட்டியது. இடப்பக்கம் நகர்ந்தாள். குளிரும் நகர்ந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டபோது ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை வெறுங்காலோடுதானே நடக்க வேண்டும்?

அவள் லவீனாவைத் தூக்கிவந்து, இரு கைகளையும் பிடித்தபடி, மரநிறத்து ஓட்டின் மேல் நிறுத்தினாள். இதுவரை துணிபோல மடிந்த முழங்கால்கள் மடியவில்லை. பிள்ளை நின்றாள். மகிழ்ச்சி வாய்வரை வருமுன், பிள்ளை குனிந்து தன் கால்களைப் பார்த்து, தெரிந்தவரைக் கண்டதுபோலச் சிரித்தாள். றொசாந்தி அவளைச் சட்டென்று தூக்கினாள். கண்ணிமைக்கும் நேரம் அந்தச் சின்னக் கால்கள் வரவில்லை. பிறகு, ஈரத்தில் ஒட்டிய கோப்பை மேசையிலிருந்து உரிவதுபோல உரிந்து வந்தன.

ஓட்டைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் இரண்டு சிறு பாதங்கள், பக்கம் பக்கமாக. லவீனாவின் பாதத்தைவிட ஒரு விரலளவு நீளம் கூடியவை.

மாலையில் லெனாட் மகளுக்கு நடைவண்டி செய்துகொண்டிருந்தான். மடியருகில் இருந்த பிள்ளைக்கு வழமைபோல ஒரு கதையும் சொன்னான்.

"ஒரு ஊரிலை ஒரு நண்டு. அதுக்கு ஒரு குஞ்சு. குஞ்சுக்கு வீடு வேணுமெண்டு நண்டு சங்கு தேடிப் போச்சுது. ஒரு சங்கு வரியோடை, ஒண்டு உடைஞ்சது, ஒண்டு நல்ல வெள்ளை. நண்டு கெட்டிக்காரி. வெள்ளைச் சங்கைத் தட்டி, 'உள்ளை ஆரும் இருக்கினமோ?' எண்டு கேட்டுது. 'ஒருத்தரும் இல்லை' எண்டு சங்கு சொல்லிச்சுது. நண்டுக்குச் சந்தோசம். குஞ்சை உள்ளை விட்டிட்டுது."

"பிறகு?" என்றாள் றொசாந்தி.

"பிறகென்ன, கதை முடிஞ்சுது."

"ஒருத்தரும் இல்லையெண்டால் ஆர் மறுமொழி சொன்னது?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் வண்டியின் கைபிடிக்காக அறுத்துக்கொண்டிருந்த தடியில் அவள் கண் நிலைத்திருந்தது.

"உந்தத் தடி எங்காலை?"

"திட்டிலை நிண்டது. பழைய களங்கட்டித் தடியெண்டு பிடுங்கினனான். பெரிசை மேசன் அண்ணைக்கு மட்டம் இழுக்கக் குடுத்தன். இது பிள்ளையின்ரை வண்டிக்குக் கணக்காய் இருக்குது."

ஆழங்குறைந்த கடலில் வலை கட்டி மீனை அடைக்கும் களங்கட்டிக்குத் தடி நடுவது வழக்கம். மீனவன் எவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். றொசாந்தி தடியை வாங்கி விரலால் தடவினாள். மேல்நுனியிலிருந்து ஒரு சாண் கீழே கத்தியால் வெட்டிய பள்ளம். பள்ளத்துக்குள் உக்கிப்போன பச்சை வலைநூல். களங்கட்டித் தடிக்கு இப்படி வெட்டு வேண்டியதில்லை. குறுக்கே இன்னொரு தடியை வைத்துக் கட்டுவதற்கே இப்படி வெட்டுவார்கள்.

சண்டைக் காலத்தில் வள்ளங்களில் புறப்பட்டுக் கரை சேராது போனவர்கள் பலர். கடலில் மிதந்து கண்ணிற்பட்டவர்களை, பெயரும் ஊரும் தெரியாமல், கிட்டிய மணலில் புதைத்து, இரண்டு தடிகளைச் சிலுவையாகக் கட்டி நட்டுவிட்டு வந்த கைகள் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருந்தன. காற்றுக்குக் குறுக்குத் தடி விழுந்துவிடும். நெடுந்தடி நிற்கும்.

லெனாட்டுக்கும் அது தெரியும். அவன் கையிலிருந்த வாளைக் கீழே வைத்தான்.

"எத்தினை தடி நிண்டது?"

"ரண்டு."

"பக்கத்திலை பக்கத்திலையோ?"

"ஓம். பெரிசும் சின்னனும்."

பிள்ளை நடைவண்டியின் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் கிண்டி எடுத்து, கொண்டுவந்த இடத்திலையே கொட்டிவிடுவம்," என்றாள் அவள்.

"எங்கை கொட்டுறது? சோழகக் காத்துத் தொடங்கினதோடை திட்டைக் கடல் எடுத்திட்டுது. நேற்று அதுக்கு மேலாலைதான் வள்ளம் விட்டனான். வெறும் தண்ணி."

ஆகவே திருப்பிக் கொடுக்க இடமில்லை. பங்குச் சுவாமியார் வந்து செபித்துத் தீர்த்தம் தெளித்தார்; தெளித்த நீர் வாய் வைத்து உறிஞ்சியதுபோலத் தளத்துக்குள் மறைந்தது. இனிச் செய்யக்கூடியது ஒன்றே என்று லெனாட் சொன்னான்: தண்ணீர் புகாத தறப்பாளை விரித்து, அதன்மேல் சாந்து போட்டு, கனத்த மரநிறத்து ஓட்டைப் பதித்து, அறையைப் பூட்டிவிட்டு விறாந்தையில் படுப்பது. றொசாந்தி தலையசைத்தாள். எத்தனை விரற்கடை கனம் போதும் என்று யாரிடம் கேட்பது?

பதித்து முடித்த ஒவ்வோர் ஓட்டிலும் விரலை மடித்துத் தட்டி, அடியில் வெற்றிடம் உண்டா என்று கேட்டுப் பார்ப்பது மேசனின் வழக்கம். நீக்கிலாப்பிள்ளை இரண்டாவது வரிசையின் நடுவில், தட்டிய விரலை எடுக்காமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தட்டவில்லை. ஊற்றி வைத்த தேநீரைக் குடிக்காமலே போனார்.

மறுநாள் பொழுதுபட லெனாட் தொழிலுக்குப் போனான். போகாமல் இருக்க வழியில்லை. அறைக்குக் கடற்பக்கமாக ஒரு கதவு, விறாந்தைப் பக்கமாக ஒரு கதவு. இரண்டையும் றொசாந்தியே தாளிட்டாள். விறாந்தையில் பாய் விரித்து, மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையைத் தன் தொடையோடு அணைத்து இருத்திக்கொண்டு செபமாலை தொடங்கினாள். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. சோழகக் காற்று கூரைத் தகரத்தை ஒரே சீராகத் தடவிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிச் செபமணிகளை உருட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தொடையில் இருந்த இளஞ்சூடு எப்போது அகன்றது என்று தெரியவில்லை. அந்த மணந்தான் அவளைக் கண் திறக்க வைத்தது. பிரித்த பழைய வலை.

பாய் வெறுமையாக இருந்தது.

அறைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே, மங்கலில், மரநிறத் தரையின் நடுவே லவீனா நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல். நடைவண்டி வெளியே, விறாந்தைச் சுவரோரமே கிடந்தது. ஓர் அடி வைத்தாள். நேரான, உறுதியான அடி. இன்னொன்று. ஒரு தாய் இரண்டு வருடம் காத்திருந்த அடிகள். றொசாந்தியின் கண்கள் நிறைந்தன. நிறைந்த கண்களோடே அவள் வெறுங்காலுடன் உள்ளே ஓடினாள்.

"வா குஞ்சு. அம்மாட்டை வா."

கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள்.

வரவில்லை.

மீண்டும். பலங்கொண்ட மட்டும்.

பிள்ளைக்கு நோகவில்லை. சிரித்தாள். கால்கள் தரையில். தரை அவற்றில்.

தறப்பாள் இருந்தது. சாந்து இருந்தது. கனத்த ஓடு இருந்தது. ஒன்றுமே இல்லாததுபோல, தோலோடு தோலாக, அவள் உள்ளங்காலிலும் அந்தக் குளிர் வந்து பொருந்தியது. குதிக்குக் குதி. விரலுக்கு விரல். அவளுடைய அளவேதான். ஒரு தாயின் பாதம்.

வலக் காலை எடுக்கப் பார்த்தாள். இடக் காலை.

காற்று முகத்தில் அடித்தது. கடற்பக்கக் கதவும் திறந்திருந்தது. தாளிட்ட கதவு. வெளியே, இருட்டிக்கொண்டு வந்த ஒழுங்கையில், வாசற்படியிலிருந்து தண்ணீர்வரைக்கும், எஞ்சிய மணலை லெனாட் பரப்பிய அந்தப் பாதை ஓரிடத்திலும் அறுபடாமல் வெள்ளையாகக் கிடந்தது.

தரையின் அடியில் ஒரு சின்னக் கால் எடுத்து வைக்கப்பட்டது. அதோடு சேர்ந்து லவீனாவின் கால் எழுந்து, வாசலை நோக்கி ஓர் அடி வைத்தது.

பிறகு, அவளைக் கேட்காமலே, றொசாந்தியின் கால் எழுந்தது.