புதுச் செருப்பின் சத்தம்

நான் அந்தக் காசநோய் வார்டில் நர்ஸாகச் சேர்ந்த மத்தியானம், மைசூரில் மழை விடவே இல்லை. ஓட்டுக் கூரை, பினாயில் வாசனை, வாசலில் நோயாளிகள் கழற்றிவிட்ட ரப்பர் செருப்புகள். அவற்றின் நடுவே ஒரு ஜோடி தோல் செருப்பு, அடி தேயாமல் கிடந்தது. தொட்டையனுடையது என்றார் கூட்டித் துடைக்கும் ராமக்காள். குணமாகி வீட்டுக்குப் போகும்போது போட வாங்கியதாம். மாத்திரையைப் பாதியில் விட்ட மனிதர். ஏழாம் கட்டிலிலேயே இறந்துபோனார்.

இப்போது ஏழில் மார்டள்ளியைச் சேர்ந்த கனகா. இருபத்திரண்டு வயது. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் காசநோய். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் புதுத் தோல் செருப்பு நடப்பதுபோல் கேட்கும்.

கிறீச். கிறீச்.

டாக்டர் பெர்னார்ட் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தக் கிருமி மெழுகு போர்த்தியது. நீண்ட கொழுப்புச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிய போர்வை. அந்த நெருக்கத்தால்தான் மருந்து உள்ளே நுழையத் திணறுகிறது. போர்வையைக் குலைக்கும் மாத்திரையை ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டும். விட்டால், சாகாமல் தூங்கிக் கிடப்பது எழுந்துவிடும்.

"என்னையவிட நல்லாப் போத்திட்டுத் தூங்குதுங்களா?" என்றாள் கனகா.

நான்காம் நாள் அவள் மார்பில் அந்தச் சத்தம் இல்லை. தேறிவிட்டாள் என்று எழுதினேன்.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"எல்லாரையும் செருப்பைக் கழட்டச் சொல்றீங்க சிஸ்டர். அவரு மட்டும் போட்டுட்டு நடக்கறாருங்களே."

வராந்தாவைப் பார்த்தேன். யாரும் இல்லை.

கிறீச்.

கட்டிலருகே வந்து நின்றது.

அப்போதுதான் கவனித்தேன், அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மார்பில் சத்தம் நின்றது குணமானதால் அல்ல. உறைக்குள் நீர் நிறைந்து இதயத்தை நெரித்துக்கொண்டிருந்தது. டாக்டரிடம் ஓடினேன். அவர் ஊசியால் நீரை எடுத்தார். பிழைத்தாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் தோல் செருப்பைக் காணவில்லை. ராமக்காள் எடுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் கனகாவுக்குப் போன் செய்தேன். மாத்திரை தொடங்கி ஐந்தாம் மாதம். மஞ்சள் வெட்டுக்குப் போய்வருவதாகச் சொன்னாள்.

"மாத்திரை?"

"பத்து நாளா இல்லீங்க சிஸ்டர். அதான் உடம்பு தேறிப்போச்சுங்களே."

அவளுக்குப் பின்னால் யாரோ நடப்பது கேட்டது. கூட யார் என்று கேட்டேன்.

"நான் மட்டுந்தானுங்க."

கிறீச்.

போனுக்கு மிக அருகில் வந்து நின்றது.