இருநூற்று நாற்பதாவது ஃப்ரேம்

நூற்றுப் பன்னிரண்டாவது ஃப்ரேமில், வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது.

தரைக்கல் விளம்பரம் அது. கணினியிலேயே செய்த பத்து நொடிப் படம், இருநூற்று நாற்பது ஃப்ரேம். கேமரா வாசலுக்கு வெளியே தொடங்கி, கூடத்தைக் கடந்து, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போய் நிற்கும். எங்கேயோ வாடகைக்கு எடுத்த மெஷின்கள் நிமிஷத்துக்கு ஒரு ஃப்ரேமாக முடித்து அனுப்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்று வந்து சேரும்போதும் கணினி 'டிங்' என்றது. காலை பதினொரு மணியிலிருந்து இதே சத்தம். நிழல் எங்கேயாவது நடுங்குகிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது தங்கையின் வேலை. கண் போனாலும் பரவாயில்லை என்று மூலை முடுக்கெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்ததில்தான் செருப்பு அகப்பட்டது. மஞ்சள் நிறம். இடது செருப்பின் வார் பிய்ந்துபோய், ஊக்கு குத்தியிருந்தது.

தன் கணினியில் அதே காட்சியைத் திறந்தாள். அங்கே செருப்பு இல்லை.

இது பேய் வேலை இல்லை, அக்கா வேலை. மென்பொருளில் ஒவ்வொரு பொருளின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கண் படமும் ஒரு கேமரா படமும் இருக்கும். கண்ணை மூடினால் நம் திரையில் மட்டும்தான் பொருள் மறையும். கேமராவையும் அணைத்தால்தான் முடிந்த படத்திலும் வராது. அக்கா கண்ணை மூடிவிட்டுக் கேமராவை மறந்துவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக இருவரும் சேர்ந்து தொழில் செய்கிறார்கள், பன்னிரண்டு வருஷமாக இதே தப்பு. ஒரு தடவை சோப்பு விளம்பரத்தில், குளியல் தொட்டிக்குள் ஒரு ஏணி நின்றது. வாடிக்கையாளர் போட்ட சத்தத்தில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்போது தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊக்கைக் குத்தியது அவள்தான். செருப்பு வாண்டுவுடையது. அக்காவின் ஒரே மகள், ஏழு வயதில், எட்டு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் ஆகிறது.

"அக்கா, வாசல்ல செருப்பு வச்சியா?"

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சும்மா, அளவு பார்க்க வச்சேன். அதுபாட்டுக்குக் கிடக்கட்டும். நீ தொடாத."

 இந்த விளம்பரத்துக்கு அக்கா தாங்கள் குடியிருந்து தொழில் செய்யும் இந்த வீட்டையே டேப் வைத்து அளந்து செய்திருந்தாள். புதுசா யோசிக்கச் சோம்பல்டி என்று காரணம் சொன்னாள். மகளை எங்கேயாவது ஒரு மூலையில் வைத்துப் பார்க்கத்தான் இவ்வளவு பாடா, பாவம் என்று தங்கை நினைத்தாள். அப்போதும் சந்தேகப்படவில்லை.

மணி மூன்றை நெருங்கியது. நிறம் சரிபார்ப்பதற்காக அறையின் கறுப்புத் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். மெஷினின் மின்விசிறி ஒரே சுருதியில் இரைந்தது, சூடான பிளாஸ்டிக் வாடையும் தூசி வாடையும் கலந்து வந்தன, அதற்கு அடியில் எங்கிருந்தோ புளித்த பாலின் நாற்றமும் லேசாக எழுந்தது. கண் மூடிய பொருள்கள் இன்னும் எத்தனை என்று பார்க்க, அவள் பட்டியலைக் கீழே நகர்த்தினாள்.

'பூனை' என்று ஒன்று இருந்தது.

அவர்கள் பூனை வளர்த்ததே இல்லை. தொண்ணூற்றாறாவது ஃப்ரேம் வரை தெரியும்படியும், தொண்ணூற்றேழிலிருந்து தெரியாதபடியும் அக்கா குறித்திருந்தாள். பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் வந்த ஃப்ரேம் அது. தங்கை தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மூன்று கீறல்கள். காலையில் மருந்து தடவிய ஞாபகம் இருக்கிறது. எது கீறியது? மேசைக்கு அடியில் குனிந்தாள். ஒரு தட்டில் பால், மேலே ஆடை படிந்து கிடந்தது. அவளுடைய நாற்காலி மெத்தையில் கறுப்பு முடிகள். எவ்வளவு யோசித்தும் ஒரு பூனையின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

டிங். இருநூற்று முப்பத்தைந்து.

பட்டியலில் அடுத்த பெயர் 'தங்கச்சி'.

சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருக்கும் அவளுடைய உருவம்தான்; மேசை வரும் ஃப்ரேம்களை அவள் இன்னும் திறக்கவில்லை. இன்று போட்டிருக்கிற அதே பச்சைச் சட்டை. இருநூற்று முப்பத்தொன்பது வரை உண்டு. இருநூற்று நாற்பதில் இல்லை. அதற்குக் கீழே 'வாண்டு'. இருநூற்று முப்பத்தொன்பது வரை இல்லை. இருநூற்று நாற்பதில் உண்டு. ஒரு பொருள் நகர்வதற்கு இடைப்பட்ட நிலைகள் உண்டு. தெரிவதற்கும் மறைவதற்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது.

மெஷின்கள் ஃப்ரேம் செய்வதை நிறுத்தப் போனாள். பாஸ்வேர்ட் கேட்டது. அவளுடைய பிறந்த நாள்தான் பாஸ்வேர்ட், அக்கா வைத்தது. அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு.

டிங்.

கூடத்துக்கு ஓடினாள். வாசற்கதவுக்குப் பக்கத்தில் நிஜமாகவே மஞ்சள் செருப்பு கிடந்தது. ஈரமாக.

அக்கா சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து, ஒரு குட்டிக் கவுனுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்வேர்டச் சொல்லு."

"பார்த்துட்டியா?" அக்கா நிமிரவில்லை. "பூனைய வச்சுத்தான் முதல்ல செஞ்சு பார்த்தேன். ஒரு சத்தம் போடலடி. அதுக்கு வலிச்சிருந்தா உன்னைத் தொட்டிருக்கவே மாட்டேன்."

"நான் என்ன பூனையா?"

"ஒரு ஆள் இருக்கற இடத்துலதான் இன்னொரு ஆள் வர முடியும்."

"அப்போ உன்னை வச்சுக்க வேண்டியதுதானே!"

"நான் போயிட்டா அவளுக்கு அம்மா யாரு?"

டிங்.

"எட்டு நாள் ஆஸ்பத்திரியில அவ பக்கத்துல கண்ணு மூடாம உக்காந்தது யாரு, அக்கா? நீ மயங்கி மயங்கி விழுந்தே. அவ கையப் பிடிச்சுட்டு இருந்தது நான்."

"தெரியும். அதான் உன் முகத்தப் பார்த்துச் சொல்ல முடியல." அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "முடிஞ்சதும் எனக்கும் உன் ஞாபகம் இருக்காது. உனக்காக அழக்கூட மாட்டேன். அது தெரிஞ்சதாலதான் செய்ய முடிஞ்சுது."

அம்மா இறந்தபோது தங்கைக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தலை வாரிவிட்டதும் பள்ளிக்கூடம் அனுப்பியதும் இந்தக் கைகள்தான். கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லையே. டேப் பிடித்து அளந்தாள், சட்டையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டாள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், கேட்கவில்லை.  தங்கை அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள், அடித்தாள், கெஞ்சினாள். அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

டிங். டிங்.

"தலையே வாரலையாடி இன்னிக்கு?" அக்கா கை நீட்டி அவள் நெற்றி முடியை ஒதுக்கினாள்.

டிங்.

வலிக்கவில்லை. ஒன்றுமே இல்லை. அக்காவின் கை மட்டும் வெறும் காற்றில் நின்றது. அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். கன்னத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, புரியாமல் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா."

அக்கா திரும்பவில்லை. எதிர் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருஷமாகக் காணாத சிரிப்பு.

"கை கழுவிட்டியாடா கண்ணு?"

நாற்காலியில் வாண்டு உட்கார்ந்திருந்தாள். அதே இரட்டைச் சடை. அதே ஓட்டைப் பல். தரைக்கு எட்டாத கால்கள். தங்கையால் தாங்க முடியவில்லை. குழந்தையை ஒரு தடவை தொட்டுவிட வேண்டும். மேசையைச் சுற்றி, நாற்காலிக்குப் பின்னால் போனாள்.

அப்படியே நின்றாள்.

கேமரா பார்க்காத பக்கத்தை இந்தத் தொழிலில் யாரும் செய்வதில்லை. வீண் வேலை.

பின்தலை இல்லை. முதுகு இல்லை. முன்பக்கத் தோல் மட்டும். உள்ளே மூக்கு குழியாக இருந்தது. வாய், ஒரு ஓட்டை. பல் வரிசை, பின்புறமாக. முழுதாக உருண்டையாக இருந்தவை கண் விழிகள் இரண்டும்தான்.

அக்கா ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்து ஊட்டினாள். துண்டு உள்ளே விழுந்து, நாற்காலி மெத்தையில் வந்து கிடந்தது.

"மெதுவா மெல்லு," என்றாள் அக்கா.

"அக்கா, தொடாத. அக்கா, பாரு. இங்க வந்து பாரு!"

அக்கா இன்னொரு துண்டு பிய்த்தாள். பிறகு குழந்தையின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"என்னடா, கண்ணு சொருகுது? தூக்கம் வருதா?"

கூடான தலைக்குள், விழிகள் இரண்டும் மெதுவாகப் பின்பக்கம் உருண்டு வந்து, தங்கையைப் பார்த்தன.