பச்சை வளையத்தைக் கழற்றியவன்

போன் 'டிங்' என்றது.

முகம் நிறைய ஷேவிங் நுரையோடு நெட்டை குனிந்து பார்த்தான்.



வேலை தேடுகிறவர்கள் மொய்க்கும் ஆப்பிலிருந்து ஒரு சேதி. அவனுடைய ப்ரொஃபைலைச் சற்றுமுன் சோடாபுட்டி பார்த்ததாகச் சொன்னது.

சோடாபுட்டி பார்த்திருக்க முடியாது.

அவன்தான் நேற்று மாலையே செத்துப் போய்விட்டானே!

"யாருங்க போன்ல?" அடுத்த அறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"விளம்பரம்..."

சோடாபுட்டியும் அவனும் ஒரே ஆபீஸ், ஒரே கணக்குப் பிரிவு. ஒரே நாளில் இருவருக்கும் சீட்டு கிழிந்தது. அந்த ஆப்பில் தங்கள் போட்டோவைச் சுற்றி 'வேலை தேடுகிறேன்' என்ற பச்சை வளையத்தை இருவரும் மாட்டிக்கொண்டார்கள். "மாப்பிள்ளை கழுத்துல போர்டு மாட்டிக்கிட்டாரா?" என்று மாமனார் நக்கலடித்தார்.

கடைசியில் ஒரே வேலைக்கு இருவரும் போனார்கள். கிடைத்தது சோடாபுட்டிக்கு. அவன் வராவிட்டால் நெட்டைக்கு என்றார்கள்.

நேற்று, கார் நிறுத்தும் கட்டடத்தின் படிக்கட்டில்...

"ஒரு விஷயம் சொல்லப் போறேன். கேட்டா அசந்துடுவ மாப்ள," என்று சிரித்தான் சோடாபுட்டி.

பீற்றிக்கொள்ளப் போகிறான் என்று நெட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே தள்ளு!

வீடு வந்ததும் முதல் வேலையாக வளையத்தைக் கழற்றினான். அதன் பிறகு ஒரு வாய் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று மனசு விடாமல் அரித்தது.

காலிங்பெல்!

வாசலில் இன்ஸ்பெக்டர்.

"உங்க ஃப்ரெண்டு படிக்கட்டுல விழுந்து இறந்துட்டார் சார்."

நெட்டை அழுதான். ஒத்திகை பார்த்த அழுகை. ஆனால் கண்ணீர் மட்டும் நிஜம்.

"நேத்து அவரைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். பார்த்து ஒரு வாரமாச்சு."

"அவர் போன் எங்க கிட்ட இருக்கு. உங்க ப்ரொஃபைலை நான்தான் பார்த்தேன்."

பேயாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது நெட்டைக்கு.

"நேத்து மதியம் அவர் உங்க ப்ரொஃபைலைப் படம் பிடிச்சு வச்சிருக்கார். அதுல பச்சை வளையம் இருக்கு. இப்ப இல்ல. வேலை கிடைச்சிடுச்சா?"

"இ... இன்னும் இல்ல சார்."

"பின்னே எதுக்குக் கழட்டினீங்க?"

"எங்கப்பா கிண்டல் பண்ணாரு சார். அதான்," என்று முந்திக்கொண்டாள் மனைவி. அவனை அப்படியே நம்புகிற அந்தக் குரலைக் கேட்டு நெட்டை கூனிக் குறுகினான்.

"இருக்கலாம். அந்தப் படத்தை அவர் யாருக்கு அனுப்பினார் தெரியுமா? தனக்கு வேலை குடுத்த மேனேஜருக்கு."

"எ... எதுக்கு?"

"'எனக்கு வேற இடம் கிடைச்சிடுச்சு. இந்த வேலையை இவனுக்கே குடுங்க. என்னைவிடக் கெட்டிக்காரன்'னு எழுதி அனுப்பியிருக்கார்."

நெட்டையின் முகத்து நுரை சட்டையில் சொட்டியது.

"படிக்கட்டுல... படிக்கட்டுல அதை அவன் சொல்லவே இல்லியே சார்..."



மனைவி அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நெட்டை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லத்தான் வந்தான்... நான்தான் விடல..."

மீண்டும் 'டிங்'.

இன்ஸ்பெக்டர் அவன் போனை எடுத்துப் படித்தார்.

"வேலை உங்களுக்குத்தானாம். திங்கட்கிழமை சேரச் சொல்றாங்க."

நெட்டை விசும்பினான்.

"வர முடியாதுன்னு பதில் போட்டுடுங்க சார்," என்றபடி விலங்கை எடுத்தார். "காரணம் கேட்டா, வேற இடத்துல சாப்பாடு, தங்குமிடம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்தே குடுக்கிறாங்கன்னு சொல்லுங்க!"