போயிட்டு வரேன்

செல்போனில் கதை படித்துக்கொண்டிருந்த இயந்திரக் குரல் மூச்சு வாங்கியது.

மட்டுவார்குழலி இயர்போனை அழுத்திக்கொண்டாள். மின்புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிற குரல் அது. முற்றுப்புள்ளியைக்கூட மதிக்காமல் கடகடவென்று ஓடுகிற ஜென்மம். அதற்கு ஏது மூச்சு? சிங்கப்பூரில் ஏறியதிலிருந்து பக்கத்து இரண்டு சீட்டும் காலி. விமானத்தின் ஓயாத இரைச்சலும், யாரோ பிரித்த எலுமிச்சைச் சாதத்தின் வாசனையும், ஜன்னல் வழியே மடியில் விழுந்த பிற்பகல் வெயிலும் போக, அவளுக்குத் துணையென்று இருந்தது இந்தக் குரல்தான்.

"அப்பா கண்ணையே தொறக்கலம்மா, சீக்கிரம் கிளம்பி வா" என்று ஸ்ரீரங்கத்து எதிர்வீட்டு ஆனந்தவள்ளி அக்கா காலையில் போன் செய்திருந்தாள். அம்மா போன பிறகு குழலிக்கென்று மிச்சம் இருந்தது அப்பா ஒருவர்தான். உயிரோடு பார்த்துவிட வேண்டும். அந்த நினைப்பிலிருந்து தப்பிக்கத்தான் கதையைப் போட்டுக்கொண்டாள்.

திரையில் மழையைப் பற்றி ஒரு பத்தி. குரல் அதைப் படிக்கவில்லை.

"குழலி, எங்கம்மா இருக்க?"

அப்பாவின் இழுவை. போன் ஃப்ளைட் மோடில் இருந்தது. எந்த அழைப்பும் வர வழியில்லை.

"வந்துக்கிட்டே இருக்கேம்ப்பா."

"முடியலம்மா. நான் போறேன்."

அந்த வீட்டில் அப்படி யாரும் சொல்லக் கூடாது. ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அவள் வாய்தவறி 'போறேன்' என்றுவிட்டால், தெருமுனை வரை துரத்தி வந்து, திரும்பக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தி, 'போயிட்டு வரேன்' என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். அப்பேர்ப்பட்ட மனுஷன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. போயிட்டு வரேன்னு சொல்லுங்க. சொல்லுங்கப்பா!"

குரல் நின்றது. கீழே காவிரி தெரிந்தது. அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவே கோபுரம். விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

"சரிம்மா. வரேன்."

அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் இயந்திரம் மழையைப் படிக்கத் தொடங்கியது.

பக்கத்து சீட் மெல்ல அமுங்கியது.

அவள் திரும்பவில்லை. ஈரத்துணி வாசனை. விபூதி. பன்னீர்.

"அப்பா?"

முன்சீட்டின் முதுகையே பார்த்தாள். கண் தானாகக் கீழே இறங்கியது.

அவள் செருப்புக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள். வெளுத்து. ஈரமாக. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

கட்டோடு அவை அவள் பக்கம் திரும்பின.