ஆறு கேட்டால் எட்டு

போன் அடித்தது.

காலை எட்டு நாற்பது. டிடெக்டிவ் நடீன் கோவாச் ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் ஸ்டியரிங்குமாக இருந்தாள். போனை முழங்கையால் தட்டினாள்.

"பாஸ், ஓட்டிஸ் பேசறேன். சுடுதளத்துக்கு வாங்க. எம்மெட் ஸாபோ செத்துக் கிடக்கார்."

"மாரடைப்பா?"

"நெஞ்சுல ரெண்டு ஓட்டை. அதை மாரடைப்புன்னு சொல்றதா இருந்தா சொல்லிக்கலாம்."

நடீன் காபியை வைத்தாள்.

"யாரையும் உள்ள விடாதே, ஓட்டிஸ்."

"அங்கதான் தலைவலி. எனக்கு முன்னாடியே எட்டு ரிடையர்டு போலீஸ்காரங்க வந்து நிக்கறாங்க. எட்டு பேர் இடுப்புலயும் துப்பாக்கி. எட்டு பேரும் பிணத்தைச் சுத்திச் சுத்தி வந்து... இப்ப கால்தடம் எடுத்தா ஊர்வலம் போன மாதிரி இருக்கும்."

ஒஹாயோ மாநிலம். மார்வுட் கவுண்டி என்ற மாவட்டம். சோளக்காட்டுக்கு நடுவே மண்மேடு எழுப்பிய திறந்தவெளிச் சுடுதளம். ஓரத்தில் ஒரு மரக்குடில். அந்தக் குடிலுக்குள்தான் எம்மெட் ஸாபோ மல்லாந்து கிடந்தார். ஐம்பத்தெட்டு வயது. கவுண்டியின் துப்பாக்கிப் பயிற்சியாளர். கண்கள் திறந்திருந்தன. கடைசியாகப் பார்த்தது யாரையோ, அந்த ஆள்மீது பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை!

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல," என்றான் ஓட்டிஸ். "டாக்டர் சொல்லிட்டுப் போனார். ஒரு தோட்டா முதுகு வழியா வெளிய வந்து பலகையில பதிஞ்சிருக்கு. முப்பத்தெட்டு காலிபர். ஈயம்."

"மேஜையில என்ன நோட்டு?"

"மார்க் நோட்டு. யார் என்னைக்கு டெஸ்ட் சுட்டாங்க, எத்தனை மார்க்குன்னு இதுல எழுதுவார். நேத்து பக்கத்தைக் காணோம். கிழிச்சிருக்கு."

"நகரு, நகரு. இடத்தைக் கலைக்காதே, பொண்ணு."

குரல் வாசலிலிருந்து வந்தது.

கார்லண்ட் டீக். அறுபத்தெட்டு வயது. நீல ஜாக்கெட்டின் நெஞ்சில் தங்க நூலில், கட்டைவிரல் உயர எழுத்தில் 'கேப்டன்'. அதற்குக் கீழே 'ஓய்வு' என்ற சொல்லும் இருந்தது. தையல்காரர் அதை எறும்புக்காகத் தைத்திருந்தார். இடுப்பில் பிஸ்டல். முகத்தில், இந்த கவுண்டியே தன் வீட்டுக் கொல்லைப்புறம் என்ற பாவனை.

"குட்மார்னிங், கேப்டன்," என்றாள் நடீன்.

"இது வழிப்பறி. எழுதிக்கோ. நான் இருபத்தொம்பது வருஷம் சர்வீஸ். வாசனையிலயே சொல்லிடுவேன்."

"ஸாபோ பர்ஸ் பாக்கெட்லயே இருக்கு, கேப்டன். வாட்ச் கையில இருக்கு."

"அப்ப பழிவாங்கல். அதையும் எழுதிக்கோ."

ஓட்டிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். சிரிப்பை அப்படித்தான் விழுங்குவான்.

"நீங்க கடைசியா ஸாபோவை எப்ப பார்த்தீங்க?"

"நேத்து ரெண்டு மணிக்கு. டெஸ்ட் முடிச்சேன். பாஸ். கிளம்பிட்டேன். அப்ப உயிரோடதான் இருந்தான். இந்தா."

அவள் கேட்கவேயில்லை. அவரே பர்ஸைத் திறந்து ஒரு கார்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். நேற்றைய தேதி. மார்க் தொண்ணூற்றிரண்டு. ஸாபோவின் கையெழுத்து.

இந்தக் கார்டு என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். அழகான ஏற்பாடு அது.

அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் ஓய்வு பெற்ற பிறகும் ஐம்பது மாநிலங்களிலும் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். மத்திய அரசின் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. குறைந்தது பத்து வருட சர்வீஸ். நல்ல பெயரோடு விலகியிருக்க வேண்டும். பழைய இலாகா கொடுத்த படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும். குடித்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், வருடத்துக்கு ஒருமுறை சொந்தச் செலவில் சுட்டுக் காட்டிப் பாஸாக வேண்டும். பாஸானால் பயிற்சியாளர் ஒரு கார்டில் கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டு மாதம் ஓடும். அந்தக் கார்டு யாரையும் கைது செய்யும் அதிகாரம் தராது. விசாரிக்கும் அதிகாரம் தராது. பெண் டிடெக்டிவை 'பொண்ணு' என்று கூப்பிடும் அதிகாரமும் தராது.

இடுப்பில் ஒரு துப்பாக்கி. அவ்வளவுதான்.

"தொண்ணூத்திரண்டா," என்றாள் நடீன். "இந்த வயசுக்கு ரொம்ப நல்ல மார்க். பழைய கார்டு எப்ப முடியுது?"

"இன்னைக்கு. நாளன்னைக்கு சிகாகோவுல எங்க சங்க மாநாடு. நான்தான் தலைவர்." டீக் நெஞ்சைத் தடவினார். "அதுக்காக செப்டம்பர்ல தச்ச ஜாக்கெட் இது. நல்லா இருக்கா?"

"எழுத்து நல்லாத் தெரியுது. எந்தத் துப்பாக்கியில டெஸ்ட் சுட்டீங்க?"

"இதோ, பிஸ்டல். நைன் எம்.எம்."

"ரிவால்வர் வச்சிருக்கீங்களா?"

"வித்து ஒம்பது வருஷம் ஆச்சு. எதுக்குக் கேக்கறே?"

"சும்மா."

நடீன் வெளியே வந்தாள். வேலிப் பக்கம் மற்ற ஏழு பேரும் டோனட் பெட்டியைச் சுற்றி நின்று, ஸாபோவை யார் கொன்றிருப்பார்கள் என்பதற்கு ஏழு தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். க்ளெட்டஸ் யோடர் என்ற முன்னாள் டெபுடி ஷெரிஃபைத் தனியாக அழைத்தாள்.

"யோடர், டீக் கண்ணு எப்படி?"

யோடர் சர்க்கரை ஒட்டிய விரலை நக்கினார்.

"கேப்டனா? மூணு மாசமா ஹோட்டல்ல மெனுவே வாங்கறதில்ல. 'வழக்கம் போல'ன்னுடுவார். போன வாரம் வாசல்ல நின்ன தபால்பெட்டியைப் பார்த்து 'எப்படி இருக்கே, ஹாரி'ன்னார்."

"கண்புரையா?"

"ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னா, கேப்டனுக்குக் கண்புரை வராதுங்கறார்."

நடீன் ஓட்டிஸிடம் திரும்பி வந்தாள்.

"ஓட்டிஸ், குடில்ல காலித் தோட்டாக் கூடு ஏதாவது கிடைச்சுதா?"

"ஒண்ணுகூட இல்ல."

"பிஸ்டலா இருந்தா?"

"ஒவ்வொரு குண்டுக்கும் காலிக் கூட்டை வெளிய துப்பிடும். தரையில கிடக்கும்."

"ரிவால்வரா இருந்தா?"

"துப்பாது. சிலிண்டருக்குள்ளயே இருக்கும். நாமளாத் திறந்து எடுக்கற வரைக்கும்." ஓட்டிஸ் நிறுத்தினான். "டீக் ரிவால்வர் காலத்து ஆளு. ஆனா ரிவால்வர் இந்நேரம் ஏதாவது ஏரியில இருக்கும், பாஸ்."

"இருக்கட்டும். அந்தக் காலத்துல இவங்களுக்கு எப்படிக் கத்துக் கொடுத்தாங்க தெரியுமா? சுட்டு முடிச்சதும் காலிக் கூட்டைத் தரையில போடக் கூடாது. கடைசியில குனிஞ்சு பொறுக்கச் சோம்பேறித்தனம். அதனால கையில கொட்டிக்கணும், பாக்கெட்ல போட்டுக்கணும், மறுபடி லோடு பண்ணணும். வருஷக்கணக்கா. மூளைக்குத் தெரியாம கையே செய்யும்."

"ஆறும் சேர்ந்துல்ல கொட்டும்? இவன் சுட்டது ரெண்டுதானே?"

நடீனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

"வெடிச்ச கூடு சூட்டுல கொஞ்சம் உப்பிடும். சிலிண்டரைத் திறந்து, கூட்டை வெளிய தள்ற தண்டைப் பாதி அமுக்கி விட்டா, வெடிக்காத நாலும் சரக்குனு உள்ள விழுந்துடும். உப்பின ரெண்டு மட்டும் தலையை நீட்டிக்கிட்டு நிக்கும். கிள்ளி எடுத்தா போதும். பழைய ஆளுங்களுக்கு அது மூக்கைச் சொறியற மாதிரி."

ஓட்டிஸ் மெதுவாக அந்த நீல ஜாக்கெட்டைப் பார்த்தான்.

"பாக்கெட்டைக் காட்டச் சொல்லலாமே?"

"சொன்னா வக்கீலைக் கூப்பிடுவார். உன் பெரியப்பா விட்டுட்டுப் போன முப்பத்தெட்டு வண்டியிலதானே இருக்கு? எடுத்துட்டு வா. தோட்டாக் கூடு என்ன நிறம்?"

"வெள்ளி நிறம். நிக்கல் முலாம் பூசினது. பாஸ்... சந்தேகப்படற ஆள் கையில லோடு பண்ணின துப்பாக்கியா?"

"பின்னாடி நில்லு. அந்தக் கண்ணுக்கு நாம ரெண்டு தபால்பெட்டி."

இருபது நிமிடம் கழித்து, குடிலிலிருந்து நூறடி தள்ளியிருந்த மூன்றாம் எண் சுடுதளத்தில் எல்லோரும் கூடினார்கள்.

"கேப்டன், ஒரு உதவி," என்றாள் நடீன். குரலில் தேன். "கொலைகாரன் ரிவால்வர்ல சுட்டிருக்கான். எங்க பேட்ச்ல யாரும் ரிவால்வரைத் தொட்டதே இல்ல. அது எப்படி வேலை செய்யும்னு யாராவது சுட்டுக் காட்டினா நல்லா இருக்கும். யோடரைக் கேட்கலாம்னு..."

"யோடரா?" டீக் மூக்கால் சிரித்தார். "யோடருக்கு டோனட்டைத் தவிர வேறெதுலயும் ஓட்டை போடத் தெரியாது. குடு இப்படி."

மறுத்திருக்கலாம். வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிஸ்டலைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னாள். ஒரு தளத்தில் ஒரு துப்பாக்கி என்பது விதி. டீக் வைத்தார். ஓட்டிஸ் அதைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டான்.

"இருபத்தோரு அடியில அட்டை. ஆறு ரவுண்டு. சுட்டுட்டுத் திரும்ப லோடு பண்றது வரைக்கும் காட்டுங்க, கேப்டன். நிஜ டெஸ்ட் மாதிரி வேகமா."

"பார்த்துக் கத்துக்கோ, பொண்ணு."

டப்! டப்! டப்! டப்! டப்! டப்!

சிலிண்டர் திறந்தது. துப்பாக்கி மேல் நோக்கி நிமிர்ந்தது. அதைப் பிடித்திருந்த இடது கையின் கட்டைவிரல் தண்டை அமுக்கியது. ஆறு காலிக் கூடுகளும் வலது கைக்குள் விழுந்தன. வலது கை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் போய் வெளியே வந்தது. வெறுங்கையாக!

ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தக் கை என்ன செய்தது என்று அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது.

நடீன் ரிவால்வரை வாங்கி ஓட்டிஸிடம் கொடுத்தாள்.

"அருமை. காலிக் கூட்டைக் குடுத்துடுங்க. ஓட்டிஸ் அதுல மறுபடி மருந்து நிரப்பிக்குவான்."

"என்ன கூடு?"

"இப்ப பாக்கெட்ல போட்டீங்களே. ஆறு."

டீக் திகைத்தார். பிறகு சிரித்தார். "அட, பழக்கம். நாற்பது வருஷப் பழக்கம்." பாக்கெட்டுக்குள் கையை விட்டார். அள்ளினார். அவள் நீட்டிய தொப்பிக்குள் கொட்டினார்.

கிண். கிண். கிண்...

நடீன் எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள், ஏழு பேருக்கும் கேட்கும்படி.

"ஆறு கேட்டேன். எட்டு குடுத்திருக்கீங்க."

யோடர் டோனட்டைக் கீழே வைத்தார்.

தொப்பிக்குள் ஆறு வெள்ளி. இரண்டு மஞ்சள்.

"அது... பழசு. என்னைக்கோ சுட்டது."

"முப்பத்தெட்டு. ரிவால்வர் தோட்டா. உங்க ரிவால்வரை வித்து ஒம்பது வருஷம். ஜாக்கெட் தச்சது செப்டம்பர். இது அக்டோபர்." நடீன் தொப்பியை மடித்தாள். "ஸாபோ உடம்புல ரெண்டு. உங்க பாக்கெட்ல ரெண்டு. கணக்குப் பாடம் நடத்தணுமா, கேப்டன்?"

டீக்கின் கை இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் தோலுறை.

"நேத்து டெஸ்ட்ல எத்தனை மார்க்?"

டீக் தொப்பியையே பார்த்தார்.

"அந்தக் கிழிஞ்ச பக்கத்துக்கு அடுத்த பக்கத்துல பேனா அழுத்தம் பதிஞ்சிருக்கும். லேப்ல படிச்சிடுவாங்க. நீங்களே சொன்னா நேரம் மிச்சம்."

"நாற்பத்தெட்டு." டீக்கின் குரல் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "ரெண்டாவது தடவையும் ஃபெயில்னான். கெஞ்சினேன். இருபத்தொம்பது வருஷம்னேன். சாயங்காலம் யாரும் இல்லாதப்ப மறுபடி வந்து கேட்டேன். அதுக்கு அவன், 'கண்ணைப் பார்த்துக்கிட்டு வாங்க, மிஸ்டர் டீக்'னான். மிஸ்டர்! என்னை! மளிகைக் கடைக்காரனைக் கூப்பிடற மாதிரி!"

"அதுக்காக?"

"கார்டு இல்லாம சிகாகோ மேடையில எப்படி நிப்பேன்? இடுப்புல ஒண்ணும் இல்லாம? கிழவனா?"

அப்போதும் எம்மெட் ஸாபோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்தவருக்கு ஒரு மனைவி இருந்தாள். டீக்குக்கு ஒரு மாநாடு இருந்தது.

காலி கார்டு குடிலில் பெட்டியோடு கிடந்தது. ஒன்றை எடுத்திருக்கிறார். தனக்குத்தானே தொண்ணூற்றிரண்டு போட்டு, ஸாபோவின் கையெழுத்தையும் தானே போட்டிருக்கிறார். கொலைகாரனிடம்கூட இத்தனை தற்பெருமை கூடாது. எழுபத்தைந்து போட்டிருந்தால் நடீன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்!

ஓட்டிஸ் விலங்கை மாட்டினான்.

"ஒரு விஷயம், கேப்டன்," என்றாள் நடீன். "சிகாகோவை விடுங்க. நம்ம ஒஹாயோவுல 2022லிருந்தே துப்பாக்கியை மறைச்சு வச்சுக்க லைசென்ஸே வேண்டாம். இருபத்தோரு வயசு ஆகியிருக்கணும், சட்டம் தடுத்த ஆளா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். கார்டும் இல்ல, டெஸ்டும் இல்ல. ஆயுசு முழுக்க இங்க இடுப்புல வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கலாம்."

"தெரியும்," என்றார் டீக். உதடு வெறுப்பில் வளைந்தது. "அது பொதுஜனத்துக்கு."

நடீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவதற்குக்கூட அங்கே ஆள் யாரும் இல்லை. ஒரு ஜாக்கெட்தான் நின்றது.

"இன்னையிலிருந்து அந்தப் பொதுஜனத்துலகூட உங்களுக்கு இடமில்ல. கொலைக் குற்றவாளிக்குத் தண்ணித் துப்பாக்கிகூடத் தர மாட்டாங்க. வண்டியில ஏறுங்க, மிஸ்டர் டீக்."

வண்டிக் கதவு அறைந்து மூடியது.

ஓட்டிஸ் மூன்றாம் தளத்துக்குப் போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினான்.

"என்ன தேடறே?"

"ஓட்டையை, பாஸ். ஆறு சுட்டதுல அட்டையில பட்டது ஒண்ணுதான். அதுவும் ஓரத்துல." அட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான். "ஸாபோ நாற்பத்தெட்டு போட்டாரே... பாவம், மனுஷன் மார்க் போடறதுல ரொம்ப தாராளம்."