கல்லுக்கு மேல கவரேஜ் இருக்கு

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் பஸ்ஸில், மழையோடு மழையாக வந்து இறங்கினாள் ஜெசிந்தினி. தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புது டீச்சர். வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தது. பிள்ளைகள் லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தார்கள். பாடம் போனில் நடந்தது.

ஈரச் சுண்ணாம்பு வாடையடித்த ஆபீஸ் அறையில், அதிபர் யேசுரத்தினம் லேப்டொப்பைத் திறந்து காட்டினார். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இணையப் பக்கம். டீச்சர் கேள்வி போட்டால், கீழேயே பிள்ளைகள் பதில் எழுதுவார்கள். எழுதுகிறவர் பெயர் எழுத்தோடு சேர்ந்து நகரும்.

"புள்ளைங்களுக்கு நல்லா பழகிருச்சு டீச்சர். இனி நீங்க பாத்துக்கங்க."

அவளுக்கு அது பிடித்துப்போனது. பனிக்குள் மறைந்து கிடந்த லயங்களிலிருந்து பெயர்கள் வந்து, எழுதி, சண்டை பிடித்து, சிரித்துவிட்டுப் போயின. எல்லோரையும் முந்துகிறவள் விஜயலெட்சுமி. சில நாட்களில், கேள்வியை முடிக்குமுன்பே அவள் பதில் வந்து நின்றது.

"அந்த விஜயலெட்சுமி கெட்டிக்காரி சேர். எந்த லயம்?"

அதிபர் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அந்தப் பேர எங்க பாத்தீங்க?"

காட்டினாள். அவர் குரல் இறங்கிப்போனது. கொரோனா காலத்தில், லயத்தில் போனுக்குக் கவரேஜ் இல்லாமல் மேல்மலைக் கல்லில் ஏறி நின்று படித்த பிள்ளை அவள். முகம் சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் பின்னால் போ என்று ஒரு நாள் அவர்தான் அதட்டினார். போனாள். பின்னால் நிலம் இருக்கவில்லை. வகுப்பு முழுக்கப் போனில் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீக்கிருங்க டீச்சர். வெளிய சொல்லாதீங்க."

நீக்கினாள். பெயர் மறைந்தது. பக்கம் அசையாமல் கிடந்தது.

பிறகு, பெயர் ஏதும் இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

'நான் என்ன பிழை செஞ்சேன் டீச்சர்?'

அவள் லேப்டொப்பை மூடினாள். மறுநாள் காலை அதைத் தொடவே இல்லை.

பகலில், தலைக்கயிறும் கொழுந்துக் கூடையுமாக ஓடிவந்தாள் சூசையம்மா. வகுப்பில் படிக்கும் ஜெசீகாவின் அம்மா. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் டீச்சர் எம்புள்ளய கூப்ட்டீங்க? டீச்சர் வரச் சொன்னாங்கன்னு போன தூக்கிக்கிட்டு ஓடிட்டா. கல்லு மேல ஏறுனத மலையிலருந்து பாத்தேன். அப்புறம் பனி மறச்சிருச்சு."

"நான் யாரையும் கூப்புடலயே..."

லேப்டொப்பைத் திறந்தாள். இணையப் பக்கத்தில் ஜெசிந்தினி என்ற பெயரே நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் விரல்கள் மேசையில் இருந்தன.

'ஜெசீகா, கல்லுக்கு மேல வா. இங்க கவரேஜ் இருக்கு.'

'வந்துட்டேன் டீச்சர்.'

'முகம் தெரியல. கொஞ்சம் பின்னால போ.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

சூசையம்மா திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு டீச்சர்? சத்தமா வாசிங்க."

ஜெசிந்தினி லேப்டொப்பை மூடினாள். சாக்கில் சுற்றி ஜெசீகாவின் உடலைத் தூக்கி வந்தபோதும் அந்தத் தாய் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசாரணையில் ஜெசிந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். விஜயலெட்சுமியா, எனக்கு ஒன்றும் தெரியாதே என்றார் அதிபர். எழுதியிருந்தது ஜெசிந்தினியின் பெயரில். யாரோ அவள் கணக்குக்குள் புகுந்திருக்கலாம் என்று முடித்து, அப்புத்தளைக்கு மாற்றினார்கள். லயத்துச் சனம் அவள் போன பஸ்ஸைப் பார்த்துக் காறித் துப்பியது.

அப்புத்தளைப் பாடசாலை மலை விளிம்பில் இருந்தது. பின்மதில் இடிந்த இடத்தில் பனி மட்டும் தெரிந்தது. அவள் போனைக்கூட வீட்டிலேயே விட்டு வந்தாள். கணினி அறையில் பிள்ளைகள் வேறொரு டீச்சர் தந்த வேலையைத் திரையில் செய்துகொண்டிருக்க, இவள் கரும்பலகையில் குறிப்பு எழுதினாள்.

"டீச்சர், நாங்களும் போகவா?" முன்வரிசையிலிருந்து ஸுபைரா கேட்டாள்.

"எங்க?"

"எல்லாரும் மதில் கிட்ட வாங்கன்னு நீங்கதானே இதுல எழுதுறீங்க."

ஜெசிந்தினி சோக்கட்டியோடு திரும்பினாள்.

பின்வரிசை ஏற்கெனவே காலியாக இருந்தது.