துடிக்காத ஒளிக்கோடு

"இந்த அளவீட்டைப் பார்த்தா, நான் செத்துப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, ஒர்னெல்லா!"

"காலங்காத்தால என்ன பேச்சு இது, டெக்லா? காபி குடிச்சியா இல்லியா?"

"கோட்டைப் பாருடி! எங்கேயாவது துடிக்குதா?"

ஒர்னெல்லா திரையைப் பார்த்தாள். முகம் வெளிறியது!

மிலானில் ஓர் ஆய்வகம். இருட்டறை. நடுவில் அந்த மெஷின்.

மார்பகத்துக்குள் சிவப்பு ஒளியைச் செலுத்தும். வெளியே வரும் ஒளியை வைத்து, புற்றுநோய் வரும் அபாயம் எவ்வளவு என்று கணிக்கும்.

உருவாக்கியவள் டெக்லா. இயக்குகிறவள் ஒர்னெல்லா. விற்கப்போகிறவன், டெக்லாவின் கணவன் ஃபுல்வியோ.

உயிருள்ள உடம்பில் ரத்தம் ஓடும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒளிக்கோடு நடுங்கும்.

டெக்லாவின் கோடு நடுங்கவேயில்லை!

"இத்தனை நாளா கடைசி முடிவை மட்டும் பார்த்து ஏமாந்துட்டேன். என் பேர்ல யாரை அளந்தே?"

"டெக்லா... வந்து..."

"யாரைடி?"

ஒர்னெல்லாவின் விரல் மேஜையைக் காட்டியது. மார்பக வடிவத்தில் ஒரு சிலிகான் பொம்மை! மெஷினைத் தினமும் சரிபார்க்க வைத்திருந்த போலி!

"ரெண்டு வருஷம் முன்னாடி உன் அளவு மோசமா மாறிடுச்சு. நோயில்லாத உடம்புக்கு உன் முதல் அளவைத்தானே அளவுகோலா வச்சோம்? வெளியே தெரிஞ்சா மெஷினையே சந்தேகப்படுவாங்கன்னு..."

"யார் உன்னை இப்படிச் செய்யச் சொன்னது?"

செல்போன் அலறியது. டூரினிலிருந்து ஃபுல்வியோ!

டெக்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"செல்லம்! வாங்கறவங்க வந்தாச்சு. சாப்பிட்டதும் கையெழுத்து!"

"என் அளவீடு தப்பு, ஃபுல்வியோ."



"எல்லாம் ஒர்னெல்லா வேலை! சிலிகானை வச்சு ஏமாத்தியிருக்கா. இப்பவே வெளியே அனுப்பு அவளை!"

ஒர்னெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சிலிகான்னு சொல்லவே இல்லியே..." என்றாள் டெக்லா.

மறுமுனையில் ஏதோ உடைந்தது. இணைப்பு அறுந்தது!

"எனக்குக் காய்ச்சல்னா தூங்காம உட்கார்ந்திருப்பான்டி, அவன்..."

"உன் புருஷன்தானே சொல்றார்னு நம்பிட்டேன், டெக்லா. போலீசுக்குப் போகலாம், வா."

டெக்லா கண்ணைத் துடைத்தாள். விளக்கை அணைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

"புருஷன் எங்கே ஓடினாலும் பிடிச்சிடலாம். நோய் இருந்தா, அது உள்ளே ஓடிப் பரவறதுக்குள்ள பிடிக்கணும். மெஷினைப் போடு, ஒர்னெல்லா... இந்தத் தடவை என்னையே அளந்துடேன், ப்ளீஸ்!"